‘பாண்டி சரக்கு’ என்று பில் இல்லாத சிகரெட் தருகிறார்கள், வாங்கி விற்கலாமா?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். கடலூரிலிருந்து பாண்டி போகும் ரோட்டில், ரெட்டிச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். டீ, பிஸ்கட், வாழைப்பழம், பீடி, சிகரெட் விற்கிறேன். பிப்ரவரியில் வரி ஏறியதிலிருந்து சிகரெட் வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஏஜென்சி வண்டியில் சரக்கு எடுக்க முதல் அதிகம் தேவைப்படுகிறது, கிடைக்கிற கமிஷனோ அதே சில்லறைதான். ஒரு மாதமாக பைக்கில் ஒரு பையன் வருகிறான். பத்து குச்சி பாக்கெட் 25 ரூபாய், இருபது குச்சி ஃபாரின் பாக்கெட் 80 ரூபாய் என்று போடுகிறான். “பாண்டியில வரி கம்மிக்கா, அதான் இந்த ரேட்டு” என்கிறான். பில் கிடையாது. இரண்டு தடவை வாங்கி விற்றேன். இன்னும் ஐந்தாறு பண்டல் வீட்டில் இருக்கிறது. பக்கத்து ஊர்க் கடையில் அதிகாரிகள் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்களாம். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. நான் செய்தது தப்பா? அரசாங்கமே இவ்வளவு வரி போட்டால் ஜனங்கள் மலிவான சரக்கைத் தேடத்தானே செய்வார்கள்? இருக்கிற பண்டலை என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பையன் சொன்னதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘பாண்டியில் வரி கம்மி’ என்றானே, அதைச் சொல்லித்தான் உங்களை மடக்கியிருக்கிறான்.

கடலூர்க்காரர்களிடம் இந்தப் பேச்சு சுலபமாக எடுபடும். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திப் பையைத் துழாவுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். பாண்டியில் பாட்டில் விலை குறைவு, பெட்ரோல் விலை குறைவு. அந்தப் பழக்கத்தில் எந்தப் பொருளைக் காட்டி ‘பாண்டி ரேட்டு’ என்று சொன்னாலும் தலையாட்டிவிடுகிறோம். ஆனால் மதுவும் பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பவை. அவற்றுக்கு அந்தந்த அரசு தனியாக வரி வைக்கிறது, அதனால்தான் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை.

சிகரெட் அந்தக் கணக்கில் வராது. முன்பு வாட் வரி இருந்த காலத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது, அதோடு அந்த வித்தியாசம் போயிற்று. 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதோடு மத்திய கலால் வரியும் உண்டு. ஆயிரம் குச்சிக்கு 2,050 ரூபாயில் தொடங்கி 8,500 ரூபாய் வரை, சிகரெட்டின் நீளத்தையும் ஃபில்டரையும் பொறுத்து அது மாறும். இரண்டுமே நாடு முழுவதற்கும் ஒரே அளவு. பாண்டி பக்கம் முள்ளோடையில் வாங்கினாலும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாங்கினாலும் சிகரெட்டின் மேல் விழும் வரி ஒன்றுதான்.

இப்போது அவன் சொன்ன விலைக்கு வருவோம். இருப்பதிலேயே குறைந்த கலால் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கு 2,050 என்றால் ஒரு குச்சிக்கு 2 ரூபாய் 5 காசு, பத்து குச்சி பாக்கெட்டுக்கு 20 ரூபாய் 50 காசு. ஜி.எஸ்.டி. இந்தக் கலாலையும் சேர்த்த விலையின் மேல்தான் போடப்படும். புகையிலை, தாள், கூலி, லாரி வாடகை எல்லாமே இலவசம், யாருக்கும் ஒரு பைசா லாபம் இல்லை என்று வைத்தால்கூட 20.50க்கு 40 சதவீதம் 8 ரூபாய் 20 காசு. ஆக, வரி மட்டுமே 28 ரூபாய் 70 காசு. வேறு சின்ன வரிகளை நான் சேர்க்கவே இல்லை. உங்களுக்கு அவன் கொடுத்தது 25 ரூபாய்க்கு. வரி கட்டிய சரக்கு இந்த விலைக்கு உங்கள் கைக்கு வரவே முடியாது. நீளமான சிகரெட், ஃபில்டர் சிகரெட் என்றால் இந்தத் தொகை இன்னும் கூடும். இனி யார் எந்த விலை சொன்னாலும் இதே கணக்கை ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பாருங்கள்.

ஃபாரின் பாக்கெட்டுக்கு வேறு கதை சொல்வார்கள். “ஏர்போர்ட்டில் கொண்டுவந்தது” என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பயணி தன் சொந்த உபயோகத்துக்கு வரி இல்லாமல் கொண்டுவர அனுமதி 100 குச்சிக்குத்தான், அதாவது இருபது குச்சிப் பாக்கெட்டில் ஐந்து. அதையும் கடையில் வைத்து விற்க முடியாது. முறையாக இறக்குமதியாகும் சிகரெட்டு என்றால் சுங்க வரியோடு நம் ஊர்ச் சிகரெட்டுக்கு உள்ள வரிக்கு ஈடான வரியும் கட்டித்தான் துறைமுகத்தை விட்டு வெளியே வரும். இங்கே சுற்றுகிற ஒல்லிச் சிகரெட்டும் கிராம்பு வாசனைச் சிகரெட்டும் பெரும்பாலும் நீளமானவை, குறைந்த வரிப் படியில் அடங்காது. பைக் டிக்கியில் 80 ரூபாய்க்கு அது வருகிறது என்றால் எப்படி வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் செய்தது தப்பா என்று கேட்டீர்கள். தப்புதான் அம்மா. எவ்வளவு பெரிய தப்பு என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் ஊரில் இதைக் குறைத்தும் சொல்கிறார்கள், ‘ஏழு வருஷம் உள்ளே போடுவார்கள்’ என்று கூட்டியும் சொல்கிறார்கள்.

2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டப்படி, எச்சரிக்கைப் படமும் வாசகமும் இல்லாத பாக்கெட்டை விற்கவே கூடாது. 2016 ஏப்ரல் முதல் அந்த எச்சரிக்கை பாக்கெட்டின் இரு முகப்பிலும் 85 சதவீத இடத்தை அடைத்திருக்க வேண்டும். 2018 முதல் 1800-11-2356 என்ற இலவச எண்ணும் இருக்க வேண்டும், புகையிலையை விட விரும்புகிறவர்கள் கூப்பிடும் எண் அது. உங்கள் வீட்டில் இருக்கும் ஃபாரின் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். படமும் இருக்காது, எண்ணும் இருக்காது. அப்படிப்பட்ட பாக்கெட்டை விற்பவருக்கு முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் இரண்டாண்டு வரை சிறை, மூவாயிரம் வரை அபராதம். அபராதத் தொகையைப் பார்த்து இளக்காரமாக நினைக்காதீர்கள். கிரிமினல் கேஸ் என்று ஒன்று விழுந்துவிட்டால் வாய்தாவுக்கு அலைகிற செலவு அதைப் போல் பல மடங்கு ஆகிவிடும்.

அடுத்தது 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். கடத்தி வந்த சரக்கு என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ ஒருவர் அதை வாங்கினாலும் விற்றாலும் மறைத்து வைத்தாலும் பொறுப்பு அவருக்கும் வரும். ‘நம்பக் காரணம் இருந்தோ’ என்ற இந்த இடத்தில்தான் சின்னக் கடைக்காரர்கள் மாட்டுகிறார்கள். “எனக்குத் தெரியாது சார்” என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். அதிகாரி திருப்பிக் கேட்பார்: பில் ஏன் வாங்கவில்லை? ஏஜென்சி விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லையா? பாக்கெட்டில் எச்சரிக்கை இல்லாதது கண்ணில் படவில்லையா? கடைச் சரக்கைக் கடையில் வைக்காமல் வீட்டில் ஏன் வைத்தீர்கள்? உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது இந்தக் கடைசிக் கேள்விதான். சரக்கு பறிமுதலாகும். தடைசெய்யப்பட்ட சரக்கு என்று வந்தால் அதன் மதிப்பு அல்லது 5,000 ரூபாய், இதில் எது அதிகமோ அதுவரை தண்டத்தொகை விதிக்கலாம். ஜெயில் என்று பயமுறுத்துகிறார்களே, அந்த அளவுக்கு வழக்குத் தொடர பணமதிப்பு வரம்பு வைத்துத்தான் துறை செயல்படுகிறது. ஐந்தாறு பண்டல் அதற்கு வெகு கீழே.

பத்து குச்சி பாக்கெட் உள்நாட்டில் எங்கோ கணக்கில் காட்டாமல் செய்ததாக இருக்கலாம். அப்படியானால் சுங்கச் சட்டத்துக்குப் பதில் ஜி.எஸ்.டி. சட்டம் வரும். அதிலும் இதே போன்ற பிரிவு உண்டு, தண்டம் 25,000 ரூபாய் வரை போகலாம். இந்த ரகத்தில் எச்சரிக்கைப் படத்தையும் போலியாக அச்சடித்துவிடுவார்கள் என்பதால், படம் இருப்பதை மட்டும் வைத்து நல்ல சரக்கு என்று எண்ணிவிடாதீர்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், எம்.ஆர்.பி. எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

இருக்கிற பண்டலை என்ன செய்வது? இனி ஒரு குச்சிகூட விற்காதீர்கள். அந்தப் பையனிடம் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேட்கலாம் என்று தோன்றும். கொடுத்தால் அவன் அதை அடுத்த கடையில் போடுவான், அவன் பிடிபடும் நாளில் உங்கள் பெயரும் வெளியே வரும். எரிப்பது, பெண்ணையாற்றில் வீசுவது எல்லாம் மறைத்த குற்றத்தைக் கூட்டும். நான் சொல்வது கொஞ்சம் தைரியம் வேண்டிய வழி. எப்போது, யாரிடம், எத்தனை பாக்கெட், என்ன விலைக்கு வாங்கினீர்கள், எத்தனை விற்றீர்கள், எத்தனை மீதி என்று உள்ளதை உள்ளபடி ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு சரக்கோடு சுங்கத் துறை அலுவலகத்தில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். இதனால் தண்டமே வராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் தேடி வந்து எடுத்த சரக்குக்கும் தானாகக் கொண்டுபோய்க் கொடுத்த சரக்குக்கும் உத்தரவு எழுதுகிறவர் வித்தியாசம் பார்ப்பார்.

அதற்குள் அவர்களே வந்துவிட்டால் பதறாதீர்கள். முதலில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், அதிகாரி என்று சொல்லிக்கொண்டு பணம் பறிக்கிற கூட்டமும் இருக்கிறது. புகையிலைச் சட்டத்தில் சோதனை போட போலீஸ் என்றால் எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாதவர் வர வேண்டும். எடுத்த சரக்குக்கு மகஜர் எழுதுவார்கள், அதாவது என்ன எடுத்தார்கள், எத்தனை என்ற பதிவு. எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிட்டு, படித்துப் புரிந்துகொண்டபின் கையெழுத்துப் போடுங்கள், நகல் ஒன்று கேட்டு வாங்குங்கள். சுங்கத் துறை சம்மன் அனுப்பினால் போகாமல் இருக்காதீர்கள். அங்கே நீங்கள் சொல்லி எழுதிக்கொடுப்பது வழக்கில் சாட்சியமாக நிற்கும், போலீஸ் வாக்குமூலம் போல் பிறகு மறுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சரக்கைப் பறிமுதல் செய்வதற்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். எடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது வர வேண்டும், காரணம் எழுதி இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். ரசீது இல்லாமல் யார் கையிலும் பணம் கொடுக்காதீர்கள். மாமூல் கொடுத்து முடித்துவிடலாம் என்று யோசனை சொல்ல பக்கத்துக் கடைக்காரர் வருவார், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அரசாங்கம் இவ்வளவு வரி போட்டால் என்று கேட்டீர்களே, அதில் பாதி நியாயம் இருக்கிறது. விலை இடைவெளி கூடினால் கடத்துகிறவனுக்கு ஆசை கூடும், அதை மறுக்க முடியாது. ஆனால் ‘வரி ஏறியதால்தான் கடத்தல்’ என்று சொல்பவர்கள் முக்கால்வாசிப் பேர் சிகரெட் வியாபாரத்தோடு சம்பந்தப்பட்டவர்கள், இதைக் கவனிக்க வேண்டும். நாட்டில் விற்கும் சிகரெட்டில் கால் பங்கு கள்ளச் சரக்கு என்பது தொழில் அமைப்புகளின் கணக்கு. சில்லறைக் கடைகளிலிருந்து காலிப் பெட்டிகளைத் திரட்டி 2018இல் வெளிவந்த ஆய்வில் சில நகரங்களில் அது மொத்தத்தில் 3 சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது. ஊருக்கு ஊர் மாறும், வருடத்துக்கு வருடம் மாறும். ஆனாலும் இரண்டு கணக்குக்கும் நடுவே இத்தனை தூரம் இருக்கும்போது, கால் பங்கு என்பதை அப்படியே நம்பி நான் பேச மாட்டேன்.

இன்னொன்று, 2017க்குப் பிறகு பல ஆண்டுகள் சிகரெட் வரி பெரிதாக ஏறவே இல்லை. அந்த ஆண்டுகளிலும் கன்டெய்னரில் வேறு பொருள் என்று பொய் சொல்லிக் கொண்டுவந்த சிகரெட்டைத் துறைமுகங்களில் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வரி ஏறாத காலத்திலும் கடத்தல் நின்றுவிடவில்லை. கண்காணிப்பு எங்கே ஓட்டை, எந்தப் பாதை சுலபம், பிடிபட்டால் எவ்வளவு நஷ்டம், இதையெல்லாம் பார்த்துத்தான் பெரிய கைகள் இறங்குகின்றன. கனடா நாட்டில் 1994இல் கடத்தலை ஒழிக்கிறோம் என்று சிகரெட் வரியை வெகுவாகக் குறைத்தார்கள். அதன்பிறகு இளவட்டங்களிடம் புகைப்பழக்கம் கூடியது. கடைசியில் 2008இல் அங்கே இரண்டு பெரிய சிகரெட் கம்பெனிகள், அந்தக் காலக் கடத்தல் விவகாரத்தில் தங்கள் பங்கை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டின. கடத்தலைக் காட்டி வரியைக் குறைக்கச் சொன்ன தரப்பின் சரக்கே கடத்தலில் ஓடியிருக்கிறது.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வரி இருக்க வேண்டும் என்பவன் நான். பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலில் அரைநாள் உட்கார்ந்து பார்த்தால் அதற்குக் காரணம் தெரியும். அதே நேரத்தில் அரசு செய்வதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. சிகரெட்டுக்கு 40 சதவீதம் போட்ட அதே மாற்றத்தில் பீடிக்கு ஜி.எஸ்.டி.யை 28லிருந்து 18 சதவீதமாகக் குறைத்தார்கள். 2016-17இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம். பீடித் தொழிலாளர் வயிற்றைப் பார்க்கிறார்கள் என்பது புரிகிறது, ஆனாலும் பீடி நுரையீரலுக்கு ஒன்றும் நல்லதில்லை. உங்கள் கடையை விட்டுப் போன வாடிக்கையாளர் எல்லோரும் பைக் பையனிடம் போகவில்லை. சிலர் பீடிக்கு மாறியிருப்பார்கள், சிலர் நான்கு குச்சியை இரண்டாக்கியிருப்பார்கள், ஒருவர் இருவர் விட்டும் இருப்பார்கள். வரி போட்டதே அதற்குத்தான். அதனால் உங்களுக்கு ஏற்படும் நஷ்டம் நிஜம், ஆனால் அந்த வியாபாரம் திரும்பி வரும் என்று எண்ணி முதலைப் போடாதீர்கள்.

அரசின் மேல் எனக்குக் கோபம் வேறு இடத்தில். வரியை ஏற்றும்போது அதே வேகத்தில் சரக்கின் பாதையைக் கண்காணிக்க வேண்டும். கள்ளச் சிகரெட்டை ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 2018இலேயே சேர்ந்துவிட்டது. தொழிற்சாலையிலிருந்து கடை வரைக்கும் ஒவ்வொரு பாக்கெட்டையும் பின்தொடரும் ஏற்பாடு வேண்டும் என்கிறது அது. உங்கள் கையில் இருக்கும் பாக்கெட் அசலா என்று நீங்களே ஒரு நிமிடத்தில் பார்த்துக்கொள்ள வழி இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. அது இல்லாததால் ரோட்டோரக் கடைக்காரர் தலையில் எல்லாம் விழுகிறது. கன்டெய்னர் கொண்டுவந்தவனுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது, மகஜரில் இருப்பது உங்கள் பெயர்.

இனிமேலைக்கு: சிகரெட்டில் ஓடுகிற இரண்டு மூன்று ரகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முதல் முடங்காது. ஏஜென்சியில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் பில் வாங்கிக் கம்பியில் குத்தி வையுங்கள். ஆண்டு வியாபாரம் 20 லட்சத்துக்குள் என்றால் தமிழ்நாட்டில் நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டியதில்லை (மற்ற பொருள் விற்பவர்களுக்கு உள்ள 40 லட்சம் வரம்பு புகையிலைப் பொருள் விற்பவர்களுக்குக் கிடையாது). அதற்காக வாங்கிய சரக்குக்குப் பில் வேண்டாம் என்று ஆகாது. பழைய எம்.ஆர்.பி. அச்சான பாக்கெட்டைப் புது விலைக்கு விற்காதீர்கள், அது தனிக் குற்றம். பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் தராதீர்கள், ‘அப்பா வாங்கிவரச் சொன்னார்’ என்று வந்தாலும் சரி. பையன் மறுபடி வந்தால் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கேளுங்கள், அதற்கு மேல் பேச்சு வளர்க்க வேண்டாம்.

வக்கீல் செலவுக்கு எங்கே போவது என்று யோசிப்பீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தால் வக்கீல் ஏற்பாடு செய்வார்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பண்டலைப் பிரிக்காமல் அப்படியே வைத்து, நான் சொன்ன அந்த ஒரு பக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்விடுங்கள்.